சொல்லுங்க

மன்னிப்புக் கேட்பதுதான் அவளுக்கு வேலை. ஒருவருக்கு வரவேண்டிய பார்சல் வேறு தெருவுக்குப் போயிருக்கும். இன்னொருவருக்கு வந்த பெட்டியில் இரண்டுமே இடது கால் செருப்பாக இருக்கும். அந்தப் பெட்டிகளை அவள் கண்ணால் கண்டவள் இல்லை, கட்டியவளும் இல்லை, தூக்கிக்கொண்டு போனவளும் இல்லை. ஆனாலும் காலையில் வீட்டில் உட்கார்ந்தபடியே ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால் சாயங்காலம் கழற்றும்வரை, யார் யாரோ செய்த தப்புக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. திட்டு வாங்குவதற்கென்றே ஒரு கல்லூரிப் படிப்பு.

அந்தக் குடியிருப்பில் அவளுக்கு டிகிரி என்று பெயர். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். சேர்ந்த வருடம் பாராட்டாக ஆரம்பித்த பெயர், படித்து முடித்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த காலத்தில் கேலியாகி, இப்போது இரண்டும் இல்லாமல் தேய்ந்துபோய் வெறும் பெயராகக் கிடந்தது. "டிகிரி, மோட்டார் போட்டாச்சா பாரு" என்பார்கள். பார்த்துச் சொல்வாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாராவது திட்டினால் காது சுடும், மியூட்டில் போட்டுவிட்டுச் சுவரைக் குத்துவாள். இப்போது ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல் இருக்குமே, அப்படி. "உன்னையெல்லாம் எவன் வேலைக்கு வச்சான்?" என்று ஒருவன் கத்தும்போது நகத்து அழுக்கை எடுத்துக்கொண்டே, "உங்க கஷ்டம் புரியுது சார்" என்பாள். புரியவில்லை. புரிய வேண்டும் என்று சம்பந்தப்பட்டவர்கள் யாரும் கேட்கவும் இல்லை.

கம்பெனி எழுதிக் கொடுத்த வாசகங்கள் இருந்தன. "தங்களுக்கு நான் எவ்வகையில் உதவலாம்?" என்று ஒன்று. வயிறு எரிந்து கூப்பிட்டவனிடம் எவ்வகை, எந்த வகை என்று கேட்டால் அவன் இன்னும் எரிவான். அவளிடம் அதைவிட நல்ல சரக்கு ஒன்று இருந்தது. "சொல்லுங்க." அவ்வளவுதான். கத்துகிறவன் மூச்சு வாங்க நிறுத்தும் இடமாகப் பார்த்து, மெதுவாக, "சொல்லுங்க" என்பாள். அவன் மறுபடி கத்துவான். மறுபடி "சொல்லுங்க." கொஞ்ச நேரத்தில் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் அவனே ஓய்ந்து, "சரிம்மா, எப்ப வரும்னு மட்டும் பாத்துச் சொல்லு" என்று இறங்கி வருவான். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவள் பிழைப்பு ஓடியது.

ஆனால் அந்தச் சமயம் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.

சும்மா ஒரு தடவை குரைத்து விடுகிற நாய் இல்லை அது. வள் வள்ளென்று, சாட்சி சொல்லக் கூண்டில் ஏறிய ஆள்போல, விடாமல், தெளிவாகக் குரைக்கும். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்தது பேருக்கு ஒரு சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து நூறு வயசு என்று வாழ்த்தலாம். அந்தச் சுவரை ஒட்டித்தான் அவள் மேசை. வேறு இடம் இல்லை. வீட்டில் இரண்டே அறை, ஒன்றில் சமையல்.

"மேடம், உங்க ஆபீஸ்ல நாய் வளக்கிறீங்களா?" என்றார் ஒரு வாடிக்கையாளர்.

"என் பார்சல அதான் கடிச்சுத் தின்னுச்சா?" என்றாள் இன்னொருத்தி.

டீம் லீடர் அவளைவிடச் சின்னவன். வாரக் கடைசியில் அவள் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டுக் கூப்பிடுவான்.

"சிஸ்டர், கால் நீங்க எடுக்கிறீங்களா, நாய் எடுக்குதா?"

"பக்கத்து வீட்டு நாய்."

"யார் வீட்டு நாயா இருந்தா என்ன சிஸ்டர்? மேல கேக்கிறாங்க. ப்ரொபேஷன் இந்த மாசத்தோட முடியுது. பின்னாடி சத்தம் வந்தா கன்ஃபர்ம் பண்ண மாட்டாங்க, நான் சொல்லிட்டேன். நாய் மட்டும் இல்ல, பாத்திரம் விழுற சத்தமும் வருது. உங்க வீட்ல யாருக்காவது உங்க மேல கோவமா?"

"இல்ல."

"பாத்துக்கோங்க."

பாத்திரத்தைப் போடுவது அம்மா. அம்மாவுக்குச் சலவைக் கம்பெனியில் இஸ்திரி போடும் வேலை. ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் விரிப்பு என்று விடியற்காலையில் நிற்க ஆரம்பித்தால் மத்தியானம் வரை நின்றபடி. அப்பா லாரியோடு எந்த ஊரிலோ இருப்பார், வந்தால் தூங்குவார். வேலை உறுதியானதும் அம்மாவை இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைக்கச் சொல்லிவிட வேண்டும் என்பது அவளுடைய ஒரே திட்டம். வேறு ஆசை எதுவும் அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அந்த ஆசையும் ஆசைபோல் இல்லை, பாத்திரம் கழுவ வேண்டும் என்பதுபோல் ஒரு பாக்கி வேலையாகத்தான் மனசில் இருந்தது.

அன்று மத்தியானம் மறுபடி டம்ளர் விழுந்து உருண்டது. அவள் மியூட்டை அழுத்தினாள்.

"அம்மா! கால்ல இருக்கேன்ல!"

"கை நழுவிடுச்சுடி. எனக்கு உன்கிட்ட ஒண்ணு சொல்..."

உள்ளங்கையை உயர்த்திக் காட்டினாள். போக்குவரத்துப் போலீஸ் வண்டியை நிறுத்துவதுபோல. அம்மா நின்றுவிட்டாள். அம்மாவுக்கு இப்போதெல்லாம் அந்தக் கை பழகிப்போயிருந்தது.

சாயங்காலம் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

திறந்தவர் கண்டக்டர். ஓய்வு பெற்றும் குரல் ஓய்வு பெறவில்லை. கடைசி சீட்டுக்குக் கேட்க வேண்டும் என்பதுபோலத்தான் பக்கத்தில் நிற்பவரிடமும் பேசுவார். காலடியில் நாய். பழுப்பு நிறம், ஒரு காது மடங்கி, பார்க்க அப்பாவி. அதற்கு செக்கர் என்று பெயர் வைத்திருந்தார். பஸ்ஸில் ஏறி டிக்கெட் சோதிக்கிற செக்கரிடம் ஆயுசு முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டவர். "இப்ப நான் 'செக்கர், உக்காரு'ன்னா உக்காருறான் பாரு" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

"வா டிகிரி, உள்ள வா."

"வரல மாமா. இந்த நாய் பகல் பூரா குரைக்குது."

"குரைக்கும்மா. நல்லாக் குரைக்கும்." அவர் முகம் மலர்ந்தது. "எல்லாம் உன்னாலதான்."

"என்னாலயா?"

"பின்ன? நீ பேசுறப்பதான் அவனுக்கும் பேச்சு வருது. நீ பாட்டுக்குப் பேசு தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் அவரைப் பார்த்தாள். கிண்டல்தான், வேறென்ன. படித்தவள் குறை சொல்ல வந்தால் இப்படித்தான் சிரித்துக்கொண்டே மட்டம் தட்டுவார்கள். பழைய டிகிரியாக இருந்தால் அங்கேயே நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் கேட்டிருப்பாள். வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. பேச ஆள் வரவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

பிறகு என்னென்னவோ செய்து பார்த்தாள். மெத்தையை எடுத்துச் சுவரில் சாய்த்தாள்; அது மத்தியானத்தில் அவள் தலைமேல் சரிந்தது. மெதுவாகப் பேசினாள்; "சாப்பிடலையா மேடம், குரலே எழும்பல?" என்றார்கள். மேசையைச் சமையலறைக்கு இழுத்துப்போனாள். அங்கே நெட் வரவில்லை. நாய் மட்டும் தன் நேரம் தவறவில்லை. அதிலும் ஒரு விசித்திரம் இருந்தது. அவள் லீவு போட்ட நாளில் அது அவ்வளவாகக் குரைப்பதாகத் தெரியவில்லை. வேண்டுமென்றே செய்கிறது என்று நினைத்தாள். நாய்க்குமா தன்மேல் வன்மம் என்று நினைத்து, அதற்கும் கோபம் வராமல், மேசையைப் பழைய இடத்துக்கே இழுத்து வைத்தாள்.

மாசக் கடைசி நெருங்கியது. ஒரு மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் நகராட்சியின் புகார் எண்ணைக் கூப்பிட்டாள். புகார் பதிவானால் வண்டி வந்து நாயைப் பிடித்துப்போகும் என்று கீழ்வீட்டுத் தையல்கார அக்கா சொல்லியிருந்தாள். பிடித்துப்போன நாய் என்ன ஆகும் என்று அக்காவும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. ஒரு கையில் சோற்றுத் தட்டு. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

இசை ஓடியது. பிறகு ஒரு பெண் குரல். பின்னால் பல பேர் பேசும் இரைச்சல், கீபோர்டுச் சத்தம். தன் சாதி, என்று நினைத்துக்கொண்டாள்.

"வணக்கம். சொல்லுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் நாய் குரைத்தது.

அவள் வாயில் சோறு. விழுங்குவதற்குள், "ஹலோ? லைன்ல இருக்கீங்களா? சொல்லுங்க."

நாய் குரைத்தது.

"நாய்ப் பிரச்சனையா? சத்தம் கேக்குதே. சொல்லுங்க, சொல்லுங்க."

வள், வள், வள்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். இதுவரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியது யாரோ, எங்கேயோ உட்கார்ந்திருப்பவள். குரல் வேறு. சொல் மட்டும் ஒன்று.

"என்ன விலாசம்?"

நாய் அமைதியாக இருந்தது.

"எந்த வார்டு?"

அமைதி.

"புகார்னா சொல்லுங்க, இல்லைன்னா லைனை விடுங்க, நிறைய பேர் வெயிட் பண்றாங்க."

நாய் குரைத்தது.

"தப்பாப் போட்டுட்டேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள். கை கழுவினாள். ஒரு நாளைக்கு எத்தனை தரம் அந்தச் சொல்லைச் சொல்கிறாள் என்று யோசித்துப் பார்க்கக்கூட அலுப்பாக இருந்தது. இத்தனை நாளும் தன் வாயாலேயே அந்த நாயைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தன் வேலைக்கு உலை வைத்துக்கொண்டிருக்கிறாள். சிரிக்க வேண்டிய விஷயம்தான் என்று தோன்றியது. சிரிப்பு வந்ததா என்று பார்த்தாள். வரவில்லை.

இடைவேளை முடிய நேரம் இருந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது.

உள்ளே நாற்காலியில் கண்டக்டரின் மனைவி. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியிருக்கிறாள் என்று அம்மா ஒருநாள் சொல்ல ஆரம்பித்தது அவளுக்கு மங்கலாக நினைவு வந்தது. அப்போதும் கையை உயர்த்தியிருப்பாள். முன்பெல்லாம் மாடிப்படியில் நின்று தெருவுக்கே கேட்கப் பேசுகிற அத்தை அது. கண்டக்டர் குரலையே அமுக்கிவிடும். இப்போது வாயின் ஒரு பாதி கீழே இறங்கி, மடியில் துண்டு.

கண்டக்டர் எதிரே முக்காலியில் உட்கார்ந்து ஒரு டம்ளரைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன? தண்ணி. சொல்லு. தண்ணி. சொல்லு."

அத்தை உதட்டைக் குவித்தாள். காற்று வந்தது.

வள், என்றான் செக்கர்.

அத்தை சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது, ஆனால் சத்தம் வந்தது. எண்ணெய் போடாத கதவைத் திறப்பதுபோல் ஒரு சத்தம். கண்டக்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் துண்டை எடுத்து நாய்க்குப் போட்டார். பிறகுதான் இவளைப் பார்த்தார்.

"வா தாயி. பாத்தியா? பேச்சு வரணும்னா தினம் இப்படிக் கேட்டுக்கிட்டே இருக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில சொல்லிவிட்டாங்க. சொல்லு சொல்லுன்னு நான் தொண்டை வத்தக் கேட்டேன். இவ சொல்லல. இவன் சொல்ல ஆரம்பிச்சுட்டான். அதைப் பாத்து இவ சிரிச்சா பாரு, வந்த நாளா அதுதான் முத சத்தம்."

"நான் கால் பேசுறது இங்க கேக்குதா மாமா?"

"கேக்காமயா? நாள் பூரா 'சொல்லுங்க, சொல்லுங்க'ங்கற. எனக்கு ரெஸ்ட்டு." அவர் மனைவி பக்கம் திரும்பினார். "நான் இவகிட்டச் சொன்னேன், பாரு, டிகிரி நமக்காகச் சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒத்தாசை பண்ணுதுன்னு. நான்தான் கட்டினவன், 'சொல்லு'ங்கறேன். நீ வயசுக்கு மரியாதை குடுத்து 'சொல்லுங்க'ன்னு கேக்கற. படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்."

இல்லை மாமா, அது செருப்பு வராதவனிடம் சொன்னது என்று சொல்லலாம். அத்தை நல்ல பக்கத்துக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரமாச்சு மாமா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று மத்தியானத்திலிருந்து சொல்லை மாற்றினாள். "கேக்குறேன்." முதலில் நாக்கு புரளவில்லை. "சொல்" என்று ஆரம்பித்துக் கடித்து நிறுத்துவாள். சுவருக்கு அந்தப் பக்கம் உர்ரென்று ஒரு உறுமல் பாதியில் நிற்கும். வாடிக்கையாளர்களுக்கும் அது பிடிபடவில்லை. "நீ கேக்குறது இருக்கட்டும், பார்சல் எங்க?" என்றார்கள். முன்பு ஓய்ந்துபோகிறவர்கள் இப்போது ஓயாமல் திட்டினார்கள். திட்டட்டும். பின்னால் சத்தம் இல்லை. டம்ளர் மறுபடி இரண்டு மூன்று தரம் விழுந்தபோது அம்மாவிடம், "நான் வேலை பாக்கிறப்ப நீ சமையல்கட்டுப் பக்கமே போகாத" என்று சொல்லிவிட்டாள். அம்மா போகவில்லை. தாகம் எடுத்தால் பொறுத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

வீடு அவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதில்லை. தண்ணீருக்குள் முங்கிக்கொண்டு வேலை பார்ப்பதுபோல் இருந்தது.

மாசக் கடைசியில் டீம் லீடர் கூப்பிட்டான். "சிஸ்டர், சூப்பர். கன்ஃபர்ம் ஆயிடுச்சு. நாயை என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல."

"சந்தோஷம்தானே?"

"ம்."

போனை வைத்துவிட்டுச் சந்தோஷத்துக்காகக் கொஞ்சம் காத்திருந்தாள். அதற்குள் கதவு தட்டப்பட்டது. கண்டக்டர் நின்றார். உள்ளே வராமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, பஸ் இல்லாத நேரத்துக் கண்டக்டர்போல் கேட்டார்.

"தாயி, வேலை போயிடுச்சா?"

"இல்லையே. இப்பதான் உறுதியாச்சு."

"நல்லது, நல்லது. இல்ல, சத்தமே காணோமேன்னு கேட்டேன். பேச்சு கேக்குது, அந்தச் சொல்லு மட்டும் வரல. செக்கரும் பேசாமப் படுத்துக் கிடக்கான். நான் கேட்டா ஒரு தடவை ரெண்டு தடவை குரைக்கிறான், அப்புறம் எனக்கே அலுத்துப்போவுது. இவ சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா."

அவள் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. நாய்ச் சத்தம் போனில் கேட்டது, வேலை போயிருக்கும், அதனால் சொல்லை மாற்றினேன். நகராட்சிக்குப் போன் போட்டதை மட்டும் சொல்லவில்லை.

கண்டக்டர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். அவர் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். கோபக்காரர்களை எப்படிச் சமாளிப்பது என்று அவளுக்குத் தெரியும்.

"அப்ப நீ எங்களுக்குன்னு சொல்லலையா அது?" என்றார்.

"இல்ல மாமா."

"சரி சரி. பொழப்பு முக்கியம் தாயி. நான்தான் பைத்தியக்காரன், என்னென்னமோ நெனச்சுக்கிட்டேன்." சிரிக்கப் பார்த்தார். "போலாம், ரைட்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார்.

அவள் கதவைச் சாத்தினாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், எல்லாவற்றையும் கேட்டபடி.

"கால் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. வேலை உறுதியாயிடுச்சு. நீ இனிமே இஸ்திரிக்குப் போக வேணாம்."

"ம்" என்றாள் அம்மா. அவளைப்போலவே.

அம்மா எழுந்து தண்ணீர் மொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். டம்ளரை இடது கையில் பிடித்திருந்தாள். ஆயுசு முழுக்க வலது கையால் இஸ்திரி போட்டவள். வலது கை பக்கத்தில் சும்மா தொங்கியது. டிகிரி அந்தக் கையைப் பார்த்தாள். எத்தனை நாளாக இப்படித் தொங்குகிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"என்கிட்ட ஏதோ சொல்லணும்னியே."

"அது ஒண்ணுமில்லடி. உனக்கு வேலை."

"வேலை முடிஞ்சுது. சொல்லும்மா."

சுவருக்கு அந்தப் பக்கம் செக்கர் எழுந்து நின்று குரைத்தான். பல நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் ஒன்றாகக் குரைத்தான். பின்னாலேயே அத்தையின் சிரிப்பு, எண்ணெய் போடாத அந்தக் கதவுபோல், கிறீச், கிறீச்சென்று. கண்டக்டர் என்னவோ சத்தமாகச் சொன்னார், புரியவில்லை.

"அவன் முதல்ல சொல்லி முடிக்கட்டும்" என்றாள் அம்மா.

முடித்தான். அம்மா தன் வலது கையை இடது கையால் எடுத்து, இரவல் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுப்பதுபோல் மேசைமேல் வைத்தாள்.

"இந்த மூணு விரலும் கொஞ்ச நாளா மரத்துப்போய்க் கிடக்கு. டம்ளரைப் புடிச்சிருக்கேனா விட்டுட்டேனான்னு தெரியல. அன்னிக்கு இஸ்திரிப் பெட்டி பட்டுச்சு. தோல் கருகின வாடை வந்த அப்புறம்தான் பாத்தேன்."

நடுவிரலின் பக்கவாட்டில் பழுப்பாக ஒரு தடம் இருந்தது. டிகிரி அந்த விரலைப் பிடித்துக் கிள்ளினாள்.

"தெரியுதா?"

"இல்ல."

நகம் பதியக் கிள்ளினாள். "இப்ப?"

அம்மா இல்லை என்று தலையசைத்தாள். டிகிரி விரலை விடாமல், மற்றக் கையால் போனை எடுத்து டீம் லீடருக்குப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சொல்லுங்க சிஸ்டர்."

செக்கர் குரைத்தான்.

"என்ன சிஸ்டர், நாய் இன்னும் இருக்கா?"

"இருக்கு" என்றாள். "இருக்கும். நாளைக்கு எனக்கு லீவு வேணும்."